பின்லாந்து: ஒரு வசைச்சொல்லின் வரலாறு

ஒரு நாட்டின் பெயர் வசைச்சொல்லாக மாறுவது வரலாற்றில் அபூர்வம். பின்லாந்துக்கு அந்தப் பேறு வாய்த்தது. 1960களில் மேற்கு ஜெர்மனியின் அரசியல் விவாதங்களில் புழக்கத்துக்கு வந்த ‘பின்லாந்துமயமாதல்’ என்னும் சொல், வலிய அண்டை நாட்டின் முகம் கோணாதபடி நாவையும் பேனாவையும் அடக்கிக்கொண்டு, பெயரளவில் சுதந்திரமாக வாழும் நிலையைக் குறித்தது. பின்னர் அந்த வசையே அறிவுரையாகவும் உருமாறியது. 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட நாட்களில், கிஸ்ஸிங்கர், பிரெஜின்ஸ்கி ஆகிய இரு முதுபெரும் அமெரிக்க ராஜதந்திரிகளும் உக்ரைனுக்குப் பின்லாந்தையே முன்மாதிரியாகச் சுட்டினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரல் 4 அன்று, பின்லாந்து நேட்டோவின் முப்பத்தோராவது உறுப்பினராயிற்று. முன்மாதிரியாகக் காட்டப்பட்ட நாடே அந்த வழியை விட்டு நீங்கிவிட்டது.

அறிவுரை சொன்னவர்கள் பின்லாந்தின் கதையில் நடு அத்தியாயத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள் என்பது என் எண்ணம். முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால் அதன் பொருள் வேறாகிறது.

பல நூற்றாண்டுகள் ஸ்வீடனின் பகுதியாகவும், 1809 முதல் ரஷ்யப் பேரரசரின் ஆளுகைக்குட்பட்ட சிற்றரசாகவும் இருந்த அந்நாடு 1917 டிசம்பர் 6 அன்று விடுதலையை அறிவித்தது. அதன் தென்கிழக்கு எல்லையிலிருந்து லெனின்கிராடு நகரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. இந்த முப்பது கிலோமீட்டரில்தான் பின்லாந்தின் வெளியுறவுக் கொள்கை முழுவதும் அடங்கியிருந்தது எனலாம். 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பகுதி, பின்லாந்தை சோவியத் செல்வாக்கு வட்டத்தில் சேர்த்தது. யாருடைய தலைவிதி எழுதப்பட்டதோ அவரைக் கேட்காமலே எழுதப்பட்ட எழுத்து அது.

அக்டோபரில் மாஸ்கோவுக்கு அழைப்பு வந்தது. லெனின்கிராடை நகர்த்த முடியாது, ஆகவே எல்லையை நகர்த்த வேண்டும் என்பது ஸ்டாலினின் வாதம். கரேலிய நிலப்பகுதியில் எல்லை பின்னே தள்ளப்பட வேண்டும். வளைகுடாத் தீவுகள் சில வேண்டும். ஹாங்கோ முனை முப்பதாண்டுக் குத்தகைக்கு வேண்டும். மாற்றாக, வடக்கே இதைப்போல் இருமடங்கு நிலம் தருவதாகவும் சொல்லப்பட்டது. பின்லாந்தின் தூதுவராகச் சென்ற பாசிகிவியும், முதிய தளபதி மன்னர்ஹைமும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற கருத்தினர். வெளியுறவு அமைச்சர் எர்க்கோ இசையவில்லை. பேச்சு முறிந்தது.

இன்றுவரை பின்லாந்து வரலாற்றாசிரியர்களிடையே தீராத வழக்கு இது. விட்டுக்கொடுத்திருந்தால் போரைத் தவிர்த்திருக்கலாமா? நமக்குக் கிடைக்கும் சாட்சியம் கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் அதே இலையுதிர்காலத்தில் சோவியத் படைத்தளங்களுக்கு இடம் தந்தன. 1940 ஜூனில் அவற்றுக்கு இறுதி எச்சரிக்கை வந்தது. ஆகஸ்டில் அவை சோவியத் குடியரசுகளாயின. பாசிகிவி பேரறிஞர்தாம், ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரரான எர்க்கோவின் பக்கமே என் மனம் சாய்கிறது.

நவம்பர் 26 அன்று மைனிலா என்னும் எல்லைக் கிராமத்தில் குண்டுகள் விழுந்தன. பின்லாந்தின் பீரங்கிகளே சுட்டன என்று மாஸ்கோ குற்றம் சாட்டியது. நான்கு நாட்களில் செஞ்சேனை எல்லை கடந்தது. ஹெல்சிங்கியின்மீது விமானங்கள் குண்டு பொழிந்தன. மறுநாளே எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் குசினென் என்பவர் தலைமையில் ‘மக்கள் அரசு’ ஒன்று நிறுவப்பட்டது. நோக்கம் எல்லைத் திருத்தத்தோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. உலக நாடுகள் சங்கம் சோவியத் யூனியனை நீக்கித் தன் கடமையை முடித்துக்கொண்டது. ஸ்வீடனிலிருந்து தொண்டர் படையினர் வந்தார்கள்; ஸ்வீடன் அரசு வரவில்லை.

முப்பத்தேழு லட்சம் மக்கள் கொண்ட நாடு 105 நாட்கள் தாக்குப்பிடித்தது. ஏறத்தாழ 25,000 பேரைப் பலிகொடுத்தது. எதிர்த்தரப்பில் மாண்டவர் ஒரு லட்சத்துக்கும் மேல். 1940 மார்ச் 13 அன்று போர் நின்றபோது பின்லாந்து, வீபுரி நகரம் உள்ளிட்ட நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலிய மக்கள் வீடுவாசல் விட்டு மேற்கே நடந்தார்கள். கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துத்தான் சமாதானம் வாங்கினார்கள். ஆனால் குசினென் அரசைப் பற்றி அதன்பின் மாஸ்கோ வாய் திறக்கவில்லை.

அடுத்த கட்டத்தைப் பின்லாந்தின் அன்பர்கள் விரைந்து கடந்துவிடுவார்கள். 1941 ஜூனில், இழந்த நிலத்தை மீட்கவென, பின்லாந்து ஹிட்லரின் படைகளோடு சேர்ந்து போரிட்டது. பழைய எல்லையையும் தாண்டிச் சென்றது. நாங்கள் கூட்டாளிகளல்லர், உடன் போரிடுவோர் மட்டுமே என்ற அவர்களது விளக்கம் இலக்கண ஆசிரியருக்குச் சுவையானது. லெனின்கிராடில் பட்டினியில் மாண்டவர்க்கு அதனால் பயனேதும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 6, பின்லாந்தின் விடுதலைத் திருநாளன்று, பிரிட்டன் அதன்மீது போர் அறிவித்தது. 1944இல் தோல்வி. செப்டம்பர் 19இன் போர்நிறுத்த உடன்படிக்கை, 30 கோடி டாலர் இழப்பீடு, ஹெல்சிங்கிக்கு அருகே போர்க்கலாவில் ஐம்பதாண்டு சோவியத் கடற்படைத் தளம். நேற்றைய துணைவர்களான ஜெர்மானியரைத் தாங்களே துரத்த வேண்டிய நிபந்தனையும் உண்டு; பின்வாங்கிய ஜெர்மானியர் ரோவனியெமி நகரத்தை எரித்துவிட்டுப் போனார்கள். இழப்பீட்டின் கடைசித் தவணை 1952இல், ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்த அதே ஆண்டில், செலுத்தப்பட்டது.

நடு அத்தியாயம் இங்கேதான் தொடங்குகிறது. 1948 பிப்ரவரியில் ஸ்டாலினிடமிருந்து பாசிகிவிக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அப்போது குடியரசுத் தலைவர். ஹங்கேரி, ருமேனியாவோடு செய்துகொண்டதைப் போன்ற ஒப்பந்தம் வேண்டும் என்றது கடிதம். அதே மாதத்தில்தான் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சி கவிழ்ந்தது. பாசிகிவி அவசரப்படவில்லை. ஏப்ரல் 6 அன்று கையெழுத்தான உடன்படிக்கையில், ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ தாக்கினால் பின்லாந்து தன் எல்லைக்குள் தானே போரிடும். சோவியத் உதவி தேவைப்பட்டால் இருதரப்பும் கலந்து பேசி முடிவு செய்யும் என்ற அளவுக்கு அது சுருங்கியிருந்தது. வல்லரசுகளின் பூசல்களிலிருந்து விலகி நிற்கும் பின்லாந்தின் விருப்பமும் முகவுரையில் இடம்பெற்றது. வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததன் நயம், இந்த ஆறு வாரங்களைப் படிக்கும்போதுதான் எனக்கு நன்கு விளங்கியது. ஹங்கேரிக்குக் கிடைக்காத சலுகை பின்லாந்துக்கு ஏன் கிடைத்தது? அந்த 105 நாட்களை ஸ்டாலின் மறந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அதற்குரிய விலையும் கொடுக்கப்பட்டது. 1944க்குப் பின் சோவியத் எதிர்ப்பு நூல்கள் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டன. 1947இல் மார்ஷல் திட்ட உதவி மறுக்கப்பட்டது. 1956 முதல் கால் நூற்றாண்டு ஆண்ட கெக்கோனனின் காலத்தில் அடக்கம் ஒரு கலையாகவே வளர்ந்தது. 1961 அக்டோபர் இறுதியில், ராணுவ ஆலோசனை வேண்டும் என்று மாஸ்கோ ஒரு குறிப்பு அனுப்பியது. அப்போது கெக்கோனன் ஹவாய்த் தீவில் இருந்தார். பின்பு சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை சென்று குருஷேவைச் சந்தித்துத் திரும்பினார். ஆலோசனைக் கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது. தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஹொங்காவும் விலகிக்கொண்டார். 1973இல் தேர்தலே இல்லாமல், சிறப்புச் சட்டம் ஒன்றால் அவரது பதவிக்காலம் நான்காண்டுகள் நீட்டிக்கப்பட்டது. அண்டை நாட்டைக் காரணம் காட்டி உள்நாட்டு எதிரிகளை ஓரங்கட்டும் வசதி, ஆள்வோருக்கு எங்கும் இனிப்பதுதான்.

இலக்கிய மாணவன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சோல்ஜெனிட்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ பின்னிஷ் மொழியில் பெயர்க்கப்பட்டபோது, உள்நாட்டுப் பதிப்பகம் பின்வாங்கியது. 1974இல் முதல் பாகம் ஸ்வீடனில் அச்சாகி வெளிவந்தது. அதைத் தடை செய்யும்படி எந்தத் தணிக்கை அதிகாரியும் கதவைத் தட்டவில்லை. யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். தணிக்கை மனத்துக்குள் குடியேறிய பிறகு அதிகாரிக்கு வேலை குறைந்துவிடுகிறது. கிழக்கு நோக்கிக் குனியும்போது மேற்குக்குப் பின்புறம் தெரியாமல் குனிவதே எங்கள் வெளியுறவுக் கொள்கை என்று கேலி செய்தவர், அந்நாட்டின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் காரி.

ஆயினும் குனிந்தவரின் கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டாய ராணுவப் பயிற்சி ஒருநாளும் கைவிடப்படவில்லை. ஹெல்சிங்கியின் பாறைகளுக்கு அடியில் மக்களுக்கான பதுங்கிடங்கள் குடையப்பட்டன. போர்க்கலா 1956இலேயே திரும்பப் பெறப்பட்டது. 1973இல் கிழக்கு வணிகக் கூட்டமைப்போடு உடன்படிக்கை செய்த அதே ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடும் செய்தார்கள். 1975இல் 35 நாடுகளின் தலைவர்கள் கையெழுத்திட்ட பாதுகாப்பு உடன்படிக்கைக்கு ஹெல்சிங்கியே களமாயிற்று. மௌனத்துக்குப் பின்னால் ஒரு படையும், மூடப்படாத ஒரு வாசலும் இருந்தன. பிறருக்கு இந்த மருந்தைப் பரிந்துரைத்தவர்கள் சீட்டில் எழுத மறந்தது இதைத்தான்.

சோவியத் யூனியன் சரிந்த மறு ஆண்டே 1948 உடன்படிக்கை காலாவதியாயிற்று. அந்த ஆண்டிலேயே அமெரிக்காவிடமிருந்து 64 ஹார்னெட் போர்விமானங்கள் வாங்க முடிவாயிற்று. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம். நேட்டோவின் வாசலில் மட்டும் கால் வைக்கவில்லை. மக்களிடையே அதற்கான ஆதரவு பல ஆண்டுகள் சிறுபான்மையாகவே இருந்தது. வேண்டும்போது சேரலாம் என்ற வாய்ப்பே போதுமான காப்பு என்று கருதினார்கள். 2021 டிசம்பரில், நேட்டோ இனி விரியக்கூடாது என்று எழுத்தில் உறுதி கேட்டது ரஷ்யா. அதாவது அந்த வாய்ப்பையே கேட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் டாங்கிகள் நுழைந்தபோது பின்லாந்தின் முதியோர் கண்டது கீவ் நகரத்தை மட்டுமன்று, 1939இன் ஹெல்சிங்கியையும்தான். மே 17 அன்று பாராளுமன்றம் 188க்கு 8 என்ற கணக்கில் சேர்வதற்கு வாக்களித்தது.

இதனால் 1,340 கிலோமீட்டர் எல்லை நேட்டோவின் எல்லையாயிற்று. 2023 இறுதியில் பின்லாந்து அவ்வெல்லையின் தரைவழிக் கடவுகளை மூடியது. 2025 ஜூனில், மனிதரைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகப் பாராளுமன்றம் வாக்களித்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2012இல், அந்த உடன்படிக்கையில் பின்லாந்து சேர்ந்திருந்தது.