உலோகச் சன்னலும் உருளும் சக்கரமும்

1984-இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் வந்தபோது அதன் பெரிய பலமே ஒழுங்குதான். ஒரு மென்பொருளில் வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டால் போதும். அடுத்ததிலும் அதே மெனு, அதே விசை. மென்பொருள் எழுதுபவர்களுக்கென்று விதிப்புத்தகமே போட்டார்கள்.

அதே ஆப்பிள் 1999-இல் என்ன செய்தது தெரியுமா? குவிக்டைம் 4 பிளேயருக்கு உலோகத் தகடு போல ஒரு மேக்கப் போட்டது. ஒலியைக் கூட்டிக் குறைக்க, பாக்கெட் டிரான்சிஸ்டரில் கட்டைவிரலால் உருட்டுவோமே, அந்த மாதிரி ஒரு சக்கரம். விரலுக்குச் சரி. மவுஸால் உருட்டினால்? கொஞ்சம் இழுத்து, விட்டு, மறுபடி பிடித்து இழுக்க வேண்டும். பார்க்க ஜோர்தான்! திட்டு நிறைய வாங்கியபின், குவிக்டைம் 5-இல் சாதாரண இழுபட்டையே திரும்பி வந்தது.

எங்கள் வங்கித் தொழிலில் சி.டி.எஸ். 2010 காசோலையைப் பாருங்கள். பின்னணி நிறம் அந்தந்த வங்கியின் விருப்பம். தேதி, தொகை, கையெழுத்துக்கான இடம் எல்லோருக்கும் ஒன்று. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு "வலதுபக்கம் கீழே அமுக்கும்மா" என்று போனில் வழி சொல்லும் நமக்கு இதன் அருமை தெரியும்.

சக்கரம் போனாலும் உலோகம் போகவில்லை. 2001-இல் ஐட்யூன்ஸ், 2003-இல் சஃபாரி, அப்புறம் ஃபைண்டரே உலோகம். பக்கத்துச் சன்னல் மட்டும் வெள்ளை. எதற்கு எது என்று சாதாரண ஆளுக்கு எப்படிப் புரியும்? 2007-இல் லெப்பர்ட் வந்துதான் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் கிடைத்தது.