‘சும்மா ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்குறான்!’ - சேட்டையா? மூளையில் என்ன நடக்கிறது?

"கிளாஸ்ல ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறான்", "கேள்வியை முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடுறா"... பள்ளியிலிருந்து இப்படிப் புகார் வந்தால் திட்டும் அடியும் குழந்தைக்கு, ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பழி பெற்றோருக்கு. ஆனால் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாட்டின் வேர் மூளையில் இருக்கிறது.

பிரேக் லேட்!

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ‘இரு, யோசி, அப்புறம் செய்’ என்று தடுக்கும் பிரேக். அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 2007-ல் 446 குழந்தைகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டது. மூளையின் மேலடுக்கு உச்சத் தடிமனை எட்டும் சராசரி வயது மற்றவர்களுக்கு 7.5. ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு 10.5. தாமதம் அதிகம் தெரிந்தது இந்த பிரேக் பகுதியில்தான். உடல் அசைவுக்கான பகுதியோ கொஞ்சம் முன்னதாகவே முதிர்ந்திருந்தது. அதாவது இன்ஜின் ரெடி, பிரேக் லேட். இது அறிவுக் குறைவு அல்ல.

ஊக்க மருந்து எப்படி அமைதியாக்குகிறது?

கவனத்தை நிலைநிறுத்த டோபமைன், நார் அட்ரினலின் ஆகிய வேதிப்பொருட்கள் உதவுகின்றன. மெத்தில்பெனிடேட் மருந்து இவற்றின் அளவைக் கூட்டுவதால் பிரேக் வலுப்பெறுகிறது. டாக்டர் ஆலோசனை இல்லாமல் இதைத் தரவே கூடாது.

ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

தெரியாது. 2017-ல் வெளியான, 3,200-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை அலசிய ஆய்விலும் வித்தியாசங்கள் மிகச் சிறியவையே. அவை குழுவின் சராசரி. ஒரு குழந்தையை வைத்து முடிவு சொல்ல முடியாது.

அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிந்து, படிப்பையோ பழக்கவழக்கத்தையோ பாதித்தால்தான் சந்தேகிக்க வேண்டும். ஓடியாடும் குழந்தைக்கெல்லாம் ஏடிஹெச்டி இல்லை.

இனிப்புதான் காரணமா?

சர்க்கரை சாப்பிடுவதால் துறுதுறுப்பு கூடுவதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. மரபணுக்களின் பங்குதான் பெரிது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்லுங்கள். செய்து முடித்தால் உடனே பாராட்டுங்கள். குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். 6 வயதுக்குள் என்றால் மருந்துக்கு முன் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை. அடிப்பதால் பிரேக் சீக்கிரம் வளராது, பயம்தான் வளரும்.