ஒரு பெட்டியில் மூன்று காலங்கள்: ரிங் ஸ்பானரின் வரலாறு



கம்போங் ராஜா வட்டாரத்தில் பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்போரின் கருவிப் பெட்டியில், மூன்று வகை ரிங் ஸ்பானர்கள் கலந்து கிடப்பதுண்டு. ஒன்றில் ‘1/4 டபிள்யூ’ என்றும், மற்றொன்றில் ‘1/2 ஏஎஃப்’ என்றும், இன்னொன்றில் வெறும் ‘13’ என்றும் பொறித்திருக்கும். அளவில் இவை ஏறக்குறைய ஒன்றே போலத் தோன்றும். பின் ஏன் மூன்று?

தொழிற்புரட்சியின் தொடக்கக் காலத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வைத்திருந்தது. ஒரு நட்டு தொலைந்தால், இயந்திரத்தைச் செய்தவரிடமே போக வேண்டும். ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, 1841ஆம் ஆண்டில் 55 பாகைக் கோணம் கொண்ட பொது மரையை முன்மொழிந்தார். பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் அது பரவியது. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலும், பிரிட்டிஷ் இயந்திரங்களில் விட்வொர்த் மரையே வழக்கில் இருந்தது. ‘1/4 டபிள்யூ’ அந்தக் காலத்தின் முத்திரை.

அமெரிக்காவிலோ வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை மரையை முன்வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பெருந்தொல்லை விளைந்தது. எனவே 1948 நவம்பர் 18 அன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகியவை ஒருங்கிணைந்த அங்குல மரைக்கு உடன்பட்டன. லேண்ட் ரோவர் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். தொடக்கத்தில் பழைய பிரிட்டிஷ் மரைகளைக் கொண்டிருந்த அவ்வாகனம், பின்னர் ஒருங்கிணைந்த மரைக்கும், அதன்பின் மெட்ரிக்குக்கும் மாறியது. மலேசியாவும் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறைக்கு வந்தது.

இவ்வரலாற்றை அறியாதவர் கையில் நட்டு படும் பாட்டைக் கேளுங்கள்! விட்வொர்த் ஸ்பானரில் உள்ள எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். மற்ற இரண்டிலும் உள்ள எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம். ‘1/4 டபிள்யூ’ ஸ்பானரின் வாய் 13.3 மில்லிமீட்டர். அதற்குரிய நட்டில் 13 நுழையாது, 14 ஆடும். ‘1/2 ஏஎஃப்’ என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டில் 13 எளிதாக நுழையும். ஆனால் இறுகிய நட்டானால் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். ‘3/4 ஏஎஃப்’ மட்டும் 19.05 ஆதலால், 19 ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. பன்னிரண்டு முனை வளையத்தை 30 பாகைக்கு ஒருமுறை எடுத்து மாட்டலாம். இடுக்கான இடத்திற்கு அது நல்லது. ஆறு முனை வளையமோ நட்டின் பக்கங்களை அகலமாகப் பற்றும். துருவேறிய நட்டிற்கு அதுவே ஏற்றது.

பராமரிப்பும் எளிதே. மழையும் மூடுபனியும் ஓயாத மலை இது. வேலை முடிந்ததும் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். கைப்பிடியில் குழாய் மாட்டி நீட்டாதீர்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். வளையத்தில் விரிசல் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். மூன்று வகைகளையும் தனித்தனித் துணிப்பையில் இடுங்கள்.

தாத்தாவின் விட்வொர்த் ஸ்பானர் இன்றைய வாகனத்தில் பொருந்தவில்லை என்பதற்காகப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். எந்த நட்டுக்கு எது பொருந்தும் என்பதைத் தொட்டே சொல்லிய தோட்டத்துப் பட்டறைத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர்களுள் இன்றும் நம்மிடையே இருப்பவர்களிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.