பகிடியான பக்க எண்களும் பதினொரு ஒற்றைகளும்

எங்கட சிறு சஞ்சிகையை வடிவமைக்க களுபோவிலயில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடியிருந்தோம். 60 பக்கம். கட்டுரைகள் எல்லாம் முடிஞ்சுது, பக்க எண் மட்டும் போடவேணும். அப்பதான் ஒருத்தருக்கு அந்த யோசனை வந்தது: "வெறும் 1, 2, 3 என்னத்துக்கு? கொழும்பின்ர தபால் எண்ணைப் போடுவம்." 4ஆம் பக்கத்தில் பம்பலப்பிட்டி, 6இல் வெள்ளவத்தை, 11இல் புறக்கோட்டை, 13இல் கொட்டாஞ்சேனை. 15 முடிஞ்ச பிறகு வெள்ளவத்தை லேன்கள் இருக்குதே! 33ஆம் லேன், 37ஆம் லேன், 42ஆம் லேன். 57ஆம் பக்கத்தில் தமிழ்ச் சங்கம், அது 57ஆம் லேனில்தானே இருக்கு. நடுவில் எண் கிடைக்காத இடங்களில் வடை, ரோல்ஸ், பஸ் எண்டு சின்னப் படங்கள்.

சிரிச்சுச் சிரிச்சு முக்கால்வாசி செய்துவிட்டோம். எங்கட களுபோவிலவுக்கு அந்தப் பதினைந்துக்குள் இடமே இல்லை எண்டதும் ஒரு பகிடியாப் போச்சு. பிறகு ஒருத்தி கேட்டாள்: "மட்டக்களப்பில இருந்து வாசிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனை எண்டால் 13 எண்டு எப்பிடித் தெரியும்? வடைக்குப் பிறகு ரோல்ஸா, ரோல்ஸுக்குப் பிறகு வடையா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அதே வீட்டில், அலுமாரிக்கு மேல், ஒரு பதில் துணியில் சுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அது அவளுடைய அம்மம்மாவின் புத்தகம். புத்தகம் எண்டு சொல்ல ஏலாது, ஒற்றைகளின் கட்டு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே வெளிக்கிட்டு நடந்தபோது கையில் கொண்டு வந்தவற்றில் ஒன்று. அட்டை இல்லை. முகப்புத் தாள் இல்லை. எந்த அச்சகம், எந்த ஆண்டு எண்டு ஒன்றும் தெரியாது. தையல் அறுந்து ஒற்றைகள் கலைஞ்சு கிடந்தன. அடுக்கித் தரலாம் எண்டு நாங்கள் இறங்கினோம். பக்கத் தலைப்பில் எண்ணைக் காணவில்லை. க, உ, எ, அ எண்டு எழுத்துகள்தான் இருந்தன. சரி, அகர வரிசையில் அடுக்குவோம் எண்டு அடுக்கினோம். எட்டாம் பக்கம் முன்னுக்கு வந்து நிண்டது.

அம்மம்மா பார்த்துவிட்டுச் சிரித்தா. "அது எழுத்தில்லைப் பிள்ளையள், இலக்கம்."

தமிழ் இலக்கங்களை நாங்கள் பாடத்தில் ஒருதரம் கண்டு மறந்தவர்கள். ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பார்வைக்கு க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ மாதிரி இருக்கும். இதற்குமேல் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எண்டு தனிக் குறிகள். பழைய முறையில் சுழியம் தேவைப்படவில்லை. 24 எண்டால் இரண்டு பத்து நாலு: ௨௰௪. 157 எண்டால் நூறு, ஐந்து பத்து, ஏழு: ௱௫௰௭. நாங்கள் வாயால் சொல்லுற ஒழுங்கிலேயே எழுதுறது. பிறகு இடமதிப்பு முறையும் வந்து ௨௪ எண்டும் எழுதினார்கள். யூனிக்கோடில் மற்றத் தமிழ் இலக்கங்கள் முதலிலேயே இருக்க, தமிழ்ச் சுழியம் 2005இல்தான் வந்து சேர்ந்தது.

எண்ணும் எழுத்தும் ஒரே முகத்தோடு இருந்தால் பகிடி தானாக வரும். கம்பரோடு ஔவையார் மோதியதாகச் சொல்லப்படும் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எட்டுக்கு அ, காலுக்கு வ. ஆகவே "எட்டேகால்" எண்டு சொல்லி "அவ" எண்டு விளங்க வைத்தாவாம். திட்டு வாங்கினவர் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்த பகிடி அது. ஆனால் போட்டால் விடை வரும்.

இந்த எண்கள் தாளுக்கு வரமுதல் ஓலையில் இருந்தன. ஓலைச்சுவடிக்குத் தையல் கிடையாது. துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவார்கள். கயிறு அறுந்தால் ஓலைகள் சிதறும். அப்போது ஓரத்தில் இருக்கும் இலக்கம்தான் துணை. சிங்கள எழுத்தில் எழுதிய பாளிச் சுவடிகளில் இன்னொரு வழி: இலக்கத்துக்குப் பதிலாக க, கா, கி, கீ எண்டு உயிர்மெய் வரிசையையே ஏடுகளுக்குப் போட்டார்கள். நெடுங்கணக்கு தெரிந்த எவரும் அடுக்கலாம். தமிழில் அப்படிச் செய்தால் 216 உயிர்மெய் எழுத்தில் 216 ஏடுகளை எண்ணலாம்.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம். எண் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் நிறுவிய காலத்தில் புத்தகங்கள் தடித்துவிட்டன. பொருளடக்கம் வேணும், பிழைதிருத்தம் வேணும், "இன்ன பக்கத்தில் பார்க்க" எண்டு சொல்லவேணும். அச்சுக்கூடங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நூலை முதலில் அச்சுக்கோப்பார்கள், முன்னுரை கடைசியில்தான் வந்து சேரும். அதற்காக முழு நூலுக்கும் எண்ணை மாத்த ஏலுமா? ஆகவே முன்பக்கங்களுக்கு வேறொரு எண் வரிசை. ஆங்கில நூல்களில் அது சின்ன ரோமன் எண். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு விதமாக எண்ணுகிற பழக்கம் அப்படி நிலைத்தது.

அந்தப் பழக்கம் கொம்பியூட்டருக்குள்ளும் போனது. தன்னுடைய புத்தகத்தின் 1977ஆம் ஆண்டு அச்சுப்படிகள் அசிங்கமாக இருந்ததைப் பார்த்து, டொனால்ட் க்னூத் எண்ட கணினிப் பேராசிரியர் 'டெக்' எண்ட அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதில் பக்க எண்ணைக் கழித்தல் எண்ணாகக் கொடுத்தால், அது ரோமன் எண்ணாக அச்சாகும்! டெக்கின் பதிப்பு எண்ணும் பகிடிதான். 3.1, 3.14, 3.141 எண்டு வட்டத்தின் 'பை'யை நோக்கிப் போகிறது. 2021இல் வந்தது 3.141592653. சிரிப்பு வரும், ஆனால் எது முந்தி எது பிந்தி எண்டதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

டெக்கின் மேல் கட்டப்பட்ட லேடெக்கில், எண்ணுகிற கருவி வேறு, எண்ணின் தோற்றம் வேறு. உள்ளே 1, 2, 3 எண்டு எண்ணிக்கொண்டே இருக்கும். வெளியில் அதை எப்படிக் காட்டுவது எண்டதை நாங்கள் தீர்மானிக்கலாம்: ரோமனாக, தமிழ் இலக்கமாக, வடையாகக் கூட. ஆங்கில எழுத்தால் எண்ணச் சொன்னால் 26ஆம் பக்கம் வரை ஒழுங்காகப் போகும். 27இல் "எண் கூடிப்போச்சு" எண்டு பிழை காட்டும்.

நல்ல பகிடிகள் எல்லாம் இந்த உள் எண்ணிக்கையைக் காப்பாத்துகின்றன. மார்க் ஹாடன் 2003இல் எழுதிய, இரவில் செத்துக் கிடந்த நாயைப் பற்றிய நாவலின் அத்தியாயங்கள் 2, 3, 5, 7, 11 எண்டு பகா எண்களில் போகும். கதை சொல்லும் பெடியனுக்குப் பகா எண் பிடிக்கும், அதுதான். 13ஆம் அத்தியாயம் கிழிஞ்சு போனாலும் அது போனது தெரியும். சக் பலானியக் 1999இல் வெளியிட்ட 'சர்வைவர்' நாவலின் பக்கங்கள் பின்னோக்கி எண்ணி 1இல் முடியும். கதை விழப்போகும் ஒரு விமானத்துக்குள் சொல்லப்படுவதால், ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும்போது மிச்சம் குறைகிறது. அங்கே எண்ணும் கதையின் ஒரு பகுதி.

எங்கட வடையும் ரோல்ஸும் அப்படியில்லை. தையல் அறுந்தால் அவை ஒன்றும் சொல்லாது.

அம்மம்மாவின் கட்டை இரண்டு பின்னேரம் இருந்து அடுக்கினோம். ௧ முதல் ௩௰௮ வரை வடிவாக வந்தது. அடுத்த ஒற்றையைத் தூக்கினால் ௬௰௧. 38க்குப் பிறகு 61. நடுவில் 22 பக்கங்கள், அதாவது பதினொரு ஒற்றைகள் இல்லை. கைதடிப் பாலத்திலா, சாவகச்சேரியிலா, வன்னியிலா, எங்கே விழுந்தது எண்டு அம்மம்மாவுக்குத் தெரியாது. அந்த நாள் வரைக்கும் குறைஞ்சது எண்டே தெரியாது. பக்க எண் இருந்தபடியால்தான் எங்களுக்கு இழப்பின் அளவாவது தெரிந்தது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நாட்டில் இருந்து இதை எழுதுகிறோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்மிய நூலகத்தில் எங்கட பழைய வெளியீடுகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். அங்கே ஒரு இதழைத் திறந்து, நடுவில் பக்கம் குறையுதா எண்டு பார்க்க எங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி மூலையில் நிற்கும் அந்தச் சின்ன எண். எங்கட சஞ்சிகையும் ஒருநாள் யாரோ ஒருவரின் கையில் கலைஞ்ச ஒற்றைகளாகப் போகலாம்.

அதற்காகப் பகிடியை விடவில்லை. கொட்டாஞ்சேனை 13ஆம் பக்கத்திலேயே நிற்கிறது, பக்கத்தில் ௰௩ எண்டு போட்டு. 57இல் தமிழ்ச் சங்கம், ௫௰௭. வடைக்கும் ரோல்ஸுக்கும் கூட எண் உண்டு. பொருளடக்கத்தில் 13, 57 எண்டு எல்லாருக்கும் தெரிந்த எண். உள்ளட்டையில் தமிழ் இலக்கம் வாசிக்கும் முறை நாலு வரியில்.

வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கோ. அம்மம்மா தன்ர கட்டைத் திரும்பத் துணியில் சுத்தமுதல் அதைத்தான் செய்தா. கடதாசித் துண்டில், நடுங்குற கையால்: "௩௰௯ தொடக்கம் ௬௰ வரை இல்லை."