போகலாம் என்று சொல்வது யார்?

சிகிச்சைக்கு எந்த நாடு கட்டுப்படியாகும் என்று கணக்குப் போடும் வங்கதேசக் குடும்பங்கள் பல வேலூருக்கு வருகின்றன. கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றியுள்ள விடுதிகளில் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்க்கலாம். அந்த மருத்துவமனை பிறந்த கதையோ பெண்களின் சாவிலிருந்து தொடங்குகிறது.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் ஐடா ஸ்கடரைத் தேடி வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரான தன் தந்தையை அழைத்துப்போகச் சொன்னார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாமென்று அவர்கள் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். நாம் படிக்கும் வரலாற்றில் ஐடாவுக்குப் பெயர் உண்டு. அந்த மூவருக்கு இல்லை.

எங்கள் தொட்டியத்துப் பெண்கள் வேலூருக்குப் போக விசா வேண்டாம். ஆனாலும் கர்ப்பப்பைக் கட்டியோடு, “வாழை வெட்டு முடியட்டும், பார்க்கலாம்” என்ற பதிலுக்குக் காத்திருக்கும் பெண்களை அறிவேன். பெண் மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். போகலாம் என்று முடிவெடுக்கும் உரிமைதான் இன்னும் நோயாளியிடம் வந்து சேரவில்லை.