நல்லெண்ணெயும் பூச்சிமருந்தும்: நிமால் சேனாநாயக்கவின் நரம்பியல் ஆய்வுத் தடம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் முதல் சில நாட்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை. அதன்பின் அதே முட்டைக் கோதால் அளந்து நல்லெண்ணெய். பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் அம்மம்மா விடமாட்டார். இடுப்புக்குப் பலம், எலும்புக்கு உரம் என்பார். பிறகு உழுத்தம்மா களி. யாழ்ப்பாணத்தார் வீட்டிலும் மலையகத்தார் லயத்திலும் விவரங்கள் சற்று மாறலாம். நல்லெண்ணெய் மட்டும் இரண்டு இடத்திலும் உண்டு.

இலங்கையின் நரம்பியல் ஆய்வு வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்த எண்ணெயில்தான் தொடங்குகிறது.

1977, 1978 ஆகிய ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்பிள்ளைகள் இருபது பேர் கால் விழுந்து வைத்தியசாலைக்கு வந்தார்கள். எல்லோரும் பருவமடையும் வயதினர். பாதத்தைத் தூக்க முடியவில்லை, விரல்களில் வலுவில்லை. இளம்பிள்ளைவாதம் என்று முடிவு கட்டியிருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் இளம்பிள்ளைவாதம் ஆண், பெண் பார்ப்பதில்லை, பன்னிரண்டு, பதின்மூன்று வயதை மட்டும் பொறுக்கி எடுப்பதும் இல்லை. ஒரே வீட்டில் தம்பி ஓடி விளையாடுகிறான், தாய் கொழுந்து பறிக்கப் போகிறாள், அக்கா மட்டும் விழுந்து கிடக்கிறாள் என்றால், அந்த அக்கா மட்டும் உண்டது என்ன என்று கேட்டாக வேண்டும்.

அதைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் நரம்பியல் வைத்தியர் நிமால் சேனாநாயக்க. மற்றவர் கொழும்பு மருத்துவ பீடத்தில் சமூக மருத்துவம் கற்பித்து, பின்னர் சிங்கப்பூர் சென்ற ஜெயரத்தினம். 1981இல் ‘லான்செட்’ இதழில் இருவரும் வெளியிட்ட சிறு கட்டுரை விடையைச் சொன்னது. பிள்ளைகளுக்குக் கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இது இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் பொருள். முன்பு கனிம எண்ணெய் நிரப்பிய கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றி இறக்கியபோது கலந்திருக்கலாம் என்பது அவர்களுடைய முடிவு. யாரும் வேண்டுமென்று நஞ்சு வைக்கவில்லை. சரியாகக் கழுவப்படாத ஒரு பாத்திரம் போதுமாயிருந்தது.

இந்த நஞ்சுக்குப் பழைய வரலாறு உண்டு. 1930இல் அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் ‘ஜமெய்க்கா இஞ்சி’ச் சாற்றில் இது கலந்து பல்லாயிரம் பேரின் கால்கள் விழுந்தன. 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் விமான எஞ்சின் எண்ணெயைச் சமையல் எண்ணெயோடு கலந்து விற்றதில் பத்தாயிரம் பேரளவில் பாதிக்கப்பட்டார்கள். இலங்கைக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1988இல், கல்கத்தாவின் பெஹாலாவில் சமையல் எண்ணெய் வழியே அதே கதை. அங்கெல்லாம் குடிகாரர், ஏழைகள், மலிவான எண்ணெய் வாங்கியவர்கள் எனப் பலதரப்பட்டோர் விழுந்தார்கள். இலங்கையில் மட்டும் ஒரு சடங்கே நோயாளியைத் தெரிவு செய்தது. அந்தச் சடங்கை அறிந்தவரிடம் விசாரிக்காமல் காரணத்தைப் பிடித்திருக்கவே முடியாது. இந்த ஆய்வின் பெருமை அந்த விசாரணையில் இருக்கிறது என்பது என் எண்ணம். இரசாயனப் பகுப்பாய்வு அதற்குப் பிறகு வந்தது.

நஞ்சு வேலை செய்யும் விதத்தையும் பார்க்க வேண்டும். மூளையில் இருந்து முள்ளந்தண்டு வரை ஒரு நரம்பணு, அங்கிருந்து தசை வரை இன்னொன்று. நம் அசைவெல்லாம் இந்த இரண்டு கட்ட அஞ்சலில்தான் போய்ச் சேருகிறது. ட்ரைகிரெசில் பொஸ்பேட் நரம்பணுக்குள் இருக்கும் ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. உடனே ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து நரம்பிழை நுனியில் இருந்து பின்னோக்கிக் கருகத் தொடங்கும். மிக நீண்ட இழைகள் முதலில் விழும், ஆகவே கெண்டைக்காலில் நோவும் பாதத்தில் தொய்வும் முதலில் வருகின்றன. செருப்பு காலில் நிற்காது, நடக்கும்போது முழங்காலை உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும். பிறகு கை விரல்கள். எண்ணெய் குடித்ததற்கும் கால் விழுந்ததற்கும் நடுவே இத்தனை நாள் இருந்தால் எந்தத் தாய் இரண்டையும் முடிச்சுப் போடுவாள்?

சேனாநாயக்க இந்தப் பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, நரம்புகளின் மின்கடத்தலை அளந்து, 1981இல் தனிக் கட்டுரை எழுதினார். வெளி நரம்புகள் மெல்ல மீளும். ஆனால் முள்ளந்தண்டில் இறங்கி வரும் மேல்நிலை இயக்கப் பாதையும் அடிபட்டிருந்தால், தொய்ந்த கால் ஓரளவு தேறும்போது அதுவரை மறைந்திருந்த விறைப்பு வெளியே தெரியும். வைத்தியர் பொறுமையோடு காத்திருந்தால் மட்டுமே கண்ணில் படும் மாற்றம் இது.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெருந்தொகையினர் நாடற்றோராக்கப்பட்டிருந்தார்கள். 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின; அதை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்களில் பசி வாட்டியது. அப்படிப்பட்ட வீட்டில் மகளுக்கென்று நல்லெண்ணெய் வாங்குவது சிறு செலவல்ல. தாய் தன்னால் இயன்ற மிகச் சிறந்ததைக் கொடுத்திருக்கிறாள்.

இதன் பிறகு சேனாநாயக்கவின் கவனம் தோட்டத்து அடுக்களையில் இருந்து வயலுக்குத் திரும்பியது. 1970களில் வயலுக்கு அடிக்கும் மருந்துகள் கிராமம்தோறும் பரவியிருந்தன. கோபத்திலும் வேதனையிலும் அவற்றைக் குடித்தவர்களால் வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பின. ஜெயரத்தினம் தன் சகாக்களோடு 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட கணக்கெடுப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 பேர் இந்த நஞ்சுகளால் அனுமதிக்கப்படுகிறார்கள், 1,000 பேரளவில் இறக்கிறார்கள் என்று காட்டியது. அதே ஆண்டில் சேனாநாயக்கவும் பிரித்தானிய நச்சியல் அறிஞர் எம். கே. ஜோன்சனும் மெத்தமிடோபொஸ் என்ற புதிய பூச்சிமருந்தும் சில வாரம் கழித்துக் கால்களை விழச் செய்கிறது என்று ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். எண்ணெயில் கண்ட அதே முறை, வேறொரு போத்தலில்.

ஆனால் உலகம் சேனாநாயக்கவை அறிந்தது 1987இல், அதே இதழில், மயக்கவியல் நிபுணர் லக்ஷ்மன் கரல்லியத்தவோடு எழுதிய கட்டுரையால். பத்து நோயாளிகள். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு மாற்றுமருந்தான அட்ரோபின் ஏற்றி, எச்சில் ஒழுகுவது நின்று, கண்மணி விரிந்து, ஆபத்துக் கடந்துவிட்டது என்று விடுதி நிம்மதியடையும் நேரம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கூடிப்போனால் நான்காம் நாளோ, நோயாளியால் தலையணையில் இருந்து தலையைத் தூக்க முடியவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, கேட்டதற்குக் கண்ணால் பதில் சொல்கிறார், கழுத்து மட்டும் எழவில்லை. பிறகு தோளும் தொடையும் சோர்கின்றன. அடுத்து மூச்சுத் தசைகள். சுவாசக் கருவி பக்கத்தில் இல்லையென்றால் அங்கேயே முடிந்துவிடும். கருவியோடு தாங்கிப் பிடித்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குள் வலு முழுக்கத் திரும்புகிறது.

முதல் நாளின் கடும் நஞ்சேற்றத்துக்கும் வாரங்கள் கழித்து வரும் நரம்புச் சிதைவுக்கும் நடுவே நிற்பதால் இதற்கு ‘இடைநிலை நோய்த்தொகுதி’ என்று பெயரிட்டார்கள். நரம்பை விரைவாக அடுத்தடுத்துத் தூண்டிப் பார்த்ததில் தசையின் பதில் படிப்படியாகத் தேய்ந்தது. ஆகவே பழுது நரம்பிழையில் இல்லை, நரம்பும் தசையும் கைகோக்கும் சந்தியில் இருக்கிறது என்று கணித்தார்கள். இந்த நிலையை முதலில் கண்டவர்கள் இவர்கள்தான் என்று சொல்லக் கூடாது. 1974இல் பூனாவைச் சேர்ந்த வாடியாவும் சகாக்களும் இருநூறு நோயாளிகளை ஆராய்ந்து, அட்ரோபினுக்கு மசியாத, பிந்தி வரும் வாதத்தைத் தனி வகையாகப் பிரித்திருந்தார்கள். இலங்கையர் அதற்குப் பெயரும் காலவரையும் மின்னியல் ஆதாரமும் கொடுத்தார்கள். பெயர் வந்த பிறகுதான் கிராமத்து வைத்தியசாலையின் இளம் வைத்தியருக்கும் மூன்றாம் நாள் இரவு நோயாளியின் கழுத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது.

இது தனி நோய்தானா, தீராத நஞ்சின் தொடர்ச்சியா என்று பெல்ஜியத்தின் டி பிளீக்கர் போன்றோர் பின்னர் விவாதித்தார்கள். அந்த விவாதத்துக்கு நல்ல பதிலும் இலங்கையில் இருந்தே வந்தது. 2008இல் பிரதீபா ஜயவர்தனவை முதல் ஆசிரியராகக் கொண்டு, சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் சேர்ந்து எழுதிய ஆய்வு 78 நோயாளிகளை நாள்தோறும் மின்தூண்டிப் பரிசோதித்தது. வாதம் முழுமையாக வெளிப்படாதவர்களிடமும் சந்தியின் பழுது பல படிகளில் இருக்கிறது என்று அது காட்டியது. இருபத்தொரு ஆண்டு கழித்துத் தன் சொந்தக் கூற்றைத் தானே மறுபடி சோதிக்கத் துணிவது எல்லோருக்கும் வாய்க்காத நேர்மை.

இந்தத் தடம் தனி ஒருவருடையது மட்டுமல்ல. கொழும்பிலும் இயக்க நரம்பணு, அதாவது தசைகளை இயக்கும் நரம்பணு, பற்றிய வேலை நடந்தது. ஜே. பி. பீரிஸும் உடலியலாளர் கே. என். செனவிரத்னவும் சகாக்களும் பரம்பரை சாராத ஒரு கைநலிவு நோயை 1989இல் விவரித்தார்கள். இளைஞர்களுக்குக் கையும் முன்கையும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானாக நின்றுவிடும் நோய் அது. ஜப்பானில் ஹிராயாமா 1959இல் சொன்னதோடு நெருங்கிய உறவுடையது. அதற்கும் முன்பே, 1970இல், மதராஸில் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் இளவயதில் காது கேளாமையோடு வரும் இயக்க நரம்பணு நோயைப் பற்றி எழுதினார்கள்; அது இன்றும் மதராஸ் வகை என்றே வழங்குகிறது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பாடநூலில் இல்லாத நோயாளிகளை நம் வைத்தியர்கள் பாடநூலுக்குள் சேர்த்திருக்கிறார்கள்.

இடைநிலை நோய்த்தொகுதி பற்றிய 1987 கட்டுரை குற்றஞ்சாட்டிய நான்கு பூச்சிமருந்துகளில் மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் இரண்டும் 1995இல் இலங்கையில் நிறுத்தப்பட்டன. டைமெத்தோவேட்டும் ஃபெந்தியோனும் 2008க்கும் 2011க்கும் இடையில் விலக்கப்பட்டன. 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆனது. இத்தனையும் ஒரு கட்டுரையின் பலன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் போத்தல் எந்த உடலை எப்படி முடக்குகிறது என்று படுக்கையருகில் எழுதி வைத்தவர்கள் இல்லாமல், எதைத் தடை செய்வது என்று அரசுக்குத் தெரிந்திருக்காது.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 1977இல் எண்ணெய் குடித்த அந்தப் பிள்ளைகள் இன்று அறுபதைக் கடந்திருப்பார்கள். சேனாநாயக்கவின் கட்டுரையில் அவர்களுடைய கதை மூன்றாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. எண்களாக மட்டும் பதிவான அவர்கள் எப்படி நடந்தார்கள், எப்படிக் கொழுந்து பறித்தார்கள், தங்கள் மகளுக்கு நல்லெண்ணெய் கொடுத்தார்களா என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தமிழில் எழுத வேண்டும். பேராதனையிலும் கொழும்பிலும் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதை எடுத்துச் செய்யுங்கள். காலம் அதிகம் இல்லை.