வெள்ளை அறிக்கையும் ஒரு துடுப்பாட்ட அதிகாரியும்: எப். சி. டி சேரம் குறித்து ஒரு மறுவாசிப்பு

கேணல் எப். சி. டி சேரத்தைப் பற்றி எழுதியவர்களிற் பலர் அவருடைய ஆட்டத்தைக் கொண்டே அவருடைய அரசியலை விளக்கியிருக்கிறார்கள். 1934இல் ஆக்ஸ்போர்டு அணிக்காக ஆஸ்திரேலியரை எதிர்த்து 128 ஓட்டங்கள் எடுத்தவர், 1949 முதல் 1954 வரை இலங்கை அணியின் தலைவர், தொழிலால் சட்டத்தரணி, தொண்டர் படை அதிகாரி. ஆங்கிலக் கனவானாக வார்க்கப்பட்ட இப்படியொருவர், 1956 தேர்தலில் எழுந்த சிங்களத் தேசிய அலையில் தன் வகுப்பு ஒதுங்க நேர்ந்ததைப் பொறுக்காமல், அரசைக் கவிழ்க்க முயன்ற 1962 ஜனவரி 27 சதிக்குத் தலைமை தாங்கினார் என்பதே அந்த விளக்கம். அது முற்றிலும் பிழை என்று சொல்லத் துணியமாட்டேன். ஆயினும் அதைத் தாங்கும் சான்று, சுமத்தப்படும் பாரத்துக்கு ஈடுகொடுக்காது.

அந்தச் சான்றில் முதன்மையானது 1962 பெப்ரவரி 13இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை. வழக்குத் தொடங்குமுன்பே அது 13 பேரைப் பெயர் குறிப்பிட்டுச் சதியை விரிவாகச் சொல்லி, கடுந்தண்டனை வேண்டும் என்று முடிகிறது. அடுத்த மாதமே வந்த சட்டம் ஜனவரி 1 வரை பின்னோக்கிச் செல்லுபடியாயிற்று. பொலிஸ் காவலில் பெறப்பட்ட கூற்றுகளையும் சான்றாக ஏற்க வழி திறந்தது. ஆகக் குறைந்த தண்டனையைப் பத்து ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் என நிர்ணயித்தது. குறித்த சிலரைத் தண்டிக்கவே இயற்றப்பட்ட சட்டம், நீதித்துறையின் அதிகாரத்துக்குள் கைவைக்கிறது என்று 1965 டிசம்பரில் பிரிவி கவுன்சில் தண்டனைகளை நீக்கியது. அறிக்கையும் சட்டமும் ஒரே கையின் வேலை. சட்டத்தைக் குறைசொல்லும் ஆய்வாளர், அறிக்கை கூறும் நோக்கத்தை மட்டும் கேள்வியின்றி எடுத்தாள்வது எப்படி? மூன்று நீதியரசர்கள் விசாரித்துப் பதினொருவரைக் குற்றவாளிகளாகக் கண்டார்களே என்பார்கள். உண்மைதான், சதி நடக்கவில்லை என்று நானும் வாதிடவில்லை. சதியை நிறுவ உடன்பாட்டைக் காட்டினால் போதும். ஒருவர் அதில் ஏன் சேர்ந்தார் என்று நிறுவத் தேவையில்லை. அந்த ‘ஏன்’ அறிக்கையிலிருந்தும் அதன் வழிவந்த எழுத்திலிருந்துமே நமக்குக் கிடைக்கிறது.

குற்றஞ்சாட்டப்பட்டோரில் கிறிஸ்தவர் மிகுந்திருந்தனர் என்ற வாதம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. அன்றைய அதிகாரிகள் குழாமே அப்படித்தான் இருந்தது. கல்லூரியும் கழகமும் இவர்களைச் சதிக்குத் தள்ளின என்றால், விசாரணையை நேரில் நடத்திய அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் டி சேரம் படித்த றோயல் கல்லூரியிலேயே படித்தவர் என்பதை என்ன செய்வது? குற்றஞ்சாட்டியவரையும் சாட்டப்பட்டவரையும் ஒருங்கே உருவாக்கிய பள்ளி இருவரின் வேறுபாட்டை விளக்காது.

ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான மாத்தளைக் கிளர்ச்சியின் வரலாற்றைப் படிப்போருக்கு, அரசின் ஆவணத்தை நோக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்ற இந்த எச்சரிக்கை புதிதன்று. 1848 ஜூலையில் தம்புள்ளை விகாரையில் முடிசூடிய கொங்காலேகொட பண்டாவை நாம் பெரிதும் அறிவது, அவரை ஒடுக்கிய ஆட்சியின் ஆவணங்கள் வழியாகத்தான். நிகழ்ச்சிகளுக்கு அவற்றை நம்பும் வரலாற்றாசிரியர், நோக்கத்துக்கு அவற்றை விட்டு அவ்வாண்டின் புதிய வரிகளை நோக்குகிறார். தம்புள்ளையில் கைக்கொள்ளும் இந்த நிதானத்தைக் கொழும்பில் கைவிட நியாயமில்லை.

வரிகளின் இடத்தில் 1962க்கு எதை வைப்பது? 1958 கலவரத்தை அடக்கவும், 1961 ஏப்ரலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தை முறியடிக்க யாழ்ப்பாணத்திலும் அரசு படையையே முன்னிறுத்தியது. அப்போது பிறப்பித்த அவசரகால நிலை சதி நாளிலும் நீங்கவில்லை. குடிமக்கள்மீது ஆணையிடும் பழக்கத்தை அதிகாரிகளுக்கு ஊட்டியது அந்த நான்கு ஆண்டுகளே என்று கருதுகிறேன். டி சேரத்தின் அரசியலைத் தேடுவோர் ஓட்டப் பதிவேட்டை மூடிவைத்து அவ்வாண்டுகளின் படை நடவடிக்கைப் பதிவுகளைத் திறக்கவேண்டும்.